பழைய ஆர்மி டிரக் எம்35ஏ2 வாங்கலாமா, வாங்கினா எதுல ஆரம்பிக்கணும்

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்காரு, ஐடி வேலை, வீட்டுக்குப் பின்னாடி நல்ல இடம் இருக்கு, ராணுவம் கழிச்சுவிட்ட ஒரு எம்35ஏ2 டிரக் ஏலத்துக்கு வந்திருக்கு, இன்ஜின் ஓடுதுன்னு போட்டிருக்காங்க. என்ன பெயின்ட் அடிக்கலாம், தனி ஆளா வீக்கெண்ட்ல ரெஸ்டோர் பண்ண முடியுமா, மொதல்ல எதுல கை வைக்கிறது, மெயின்டனன்ஸ் கையைக் கடிக்குமான்னு கேட்டிருக்காரு.

வாங்கலாம் தம்பி, தாராளமா வாங்கலாம். ஆனா நீங்க கேட்ட வரிசையை அப்படியே தலைகீழா திருப்பிக்கோங்க. பெயின்ட் கடைசி. நிக்கறது மொதல்ல, அதாவது பிரேக். அடுத்து ஆயில் சீல், டயர், வயரிங். ஓடுற இன்ஜினா இருந்தா அதை ரொம்ப நோண்டவே வேணாம். நான் பார்த்த வரைக்கும் இந்த பொழப்புல பாதியில விட்டுட்டு ஓடறவங்க எல்லாரும் பெயின்ட்ல ஆரம்பிச்சவங்கதான், வண்டி போட்டோவுக்கு ஜோரா இருக்கும், தெருமுனை தாண்ட பயம்.

வண்டியைப் பத்தி கொஞ்சம். இது ரியோ கம்பெனி டிசைன், 1950 வாக்குல வந்தது, அப்புறம் கெய்சர், ஏஎம் ஜெனரல்னு பல கை மாறி பல வருஷம் தயாரிச்சாங்க. காட்டு மேட்டுல ரெண்டரை டன் ஏத்தலாம், அதனாலதான் டியூஸ் அண்ட் எ ஹாஃப், செல்லமா டியூஸ்னு கூப்பிடறாங்க. நல்ல ரோட்டுல அதுக்கு டபுள் ஏத்தலாம். மூணு ஆக்சில், ஆறுலயும் டிரைவ், பத்து டயர், வெறும் வண்டியே கிட்டத்தட்ட 13,000 பவுண்டு, நம்ம கணக்குல ஆறு டன். பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏசிங்கற பேச்சே இல்ல, மேல கேன்வாஸ், அதிகபட்சம் மணிக்கு 56 மைல்னு போட்டிருப்பாங்க, அந்த ஸ்பீடுல போனா பக்கத்துல உக்காந்திருக்கவரோட பேசணும்னா கத்தணும். காதுக்கு பிளக் போடாம நீண்ட தூரம் போகாதீங்க, விளையாட்டுக்கு சொல்லல.

மொத வண்டியா இதைத்தான் நான் சொல்லுவேன், ரெண்டாம் உலகப்போர் ஜிஎம்சி வண்டியைச் சொல்லமாட்டேன். அது அழகுதான், ஐஞ்சு லட்சத்துக்கு மேல செஞ்சாங்க, ஆனா அதுல பாகம் தேடறதே ஒரு தனி பொழப்பு, விலையும் அப்படி. டியூஸுக்கு ராணுவ ஸ்டாக்ல இருந்து வந்த பாகங்கள் இன்னும் பெட்டி பிரிக்காம கிடைக்குது, மெழுகு பேப்பர் சுத்தின வீல் சிலிண்டரை கையில எடுக்கறப்ப வர்ற சந்தோஷம் வேற.

இன்னொரு பெரிய பலம், மேனுவல். இந்த வண்டியை ரிப்பேர் பண்றவன் ஸ்கூல் முடிச்சு நேரா பட்டாளத்துக்கு வந்த பத்தொன்பது வயசுப் பையனா இருப்பான்னு நினைச்சே எல்லாத்தையும் எழுதி வச்சிருக்காங்க. டிஎம் 9-2320-361 வரிசையில தேடுங்க, பழைய வண்டிக்கு 209 வரிசையும் பொருந்தும். கடைசில 10னு இருந்தா டிரைவருக்கு, 20னு இருந்தா யூனிட் மெக்கானிக்குக்கு, 34ன்னா பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு, பின்னாடி பி இருந்தா பாகங்களோட பட்டியல். கிரீஸ் எங்க எங்க வைக்கணும்னு தனியா ஒரு லூப்ரிகேஷன் ஆர்டர் இருக்கு, அதை பெருசா பிரிண்ட் போட்டு ஷெட்டு சுவத்துல ஒட்டிடுங்க. பையன் படிக்கமாட்டான்னு தெரிஞ்சு 1951ல இருந்து காமிக்ஸ் படம் போட்டே மாசாமாசம் மெயின்டனன்ஸ் இதழ் விட்ட ராணுவம் இது. யூடியூப் வீடியோ பார்க்கறதுக்கு முன்னாடி மேனுவல்ல அந்தப் பக்கத்தை படிச்சிடுங்க, வீடியோல பாதிப்பேர் அவங்களுக்கு எப்படி வந்துதோ அப்படி செஞ்சு காட்டறாங்க.

இப்ப பிரேக்குக்கு வரேன், இங்கதான் கொஞ்சம் நிதானமா படிக்கணும்.

நம்ம ஊர் லாரி மாதிரி இது முழு ஏர் பிரேக் இல்ல. கார் மாதிரி ஃப்ளூயிட் பிரேக், அதுக்கு ஏர் ஒரு துணை. பெடலை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து ஃப்ளூயிட் போயி ஏர்பேக்னு (Air-Pak, காருல விபத்துக்கு விரியற பை இல்ல) ஒரு சமாச்சாரத்துக்குள்ள நுழையும், அது டேங்க்ல இருக்கற ஏரை வச்சு அந்த அழுத்தத்தை பல மடங்காக்கி ஆறு வீலுக்கும் அனுப்பும். பிரச்சனை என்னன்னா ஆறு வீலுக்கும் சேர்த்து ஒரே சர்க்யூட். அமெரிக்காவுல கார்களுக்கு 1968ல இருந்து ரெண்டு சர்க்யூட் கட்டாயம் ஆயிடுச்சு, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்க வைக்கும். டியூஸ்ல அந்தக் கதையே இல்ல. எங்கயோ பின் வீல்ல ஒரு ரப்பர் ஹோஸ் வெடிச்சா பெடல் நேரா தரைக்கு போயிடும், ஆறு டன் வண்டி அது பாட்டுக்கு போகும். ஹேண்ட் பிரேக்கை பிடிச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, அது வீல்ல இல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு, அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் சக்தியை பிரிச்சு அனுப்பற பெட்டிக்கு, பின்னாடி ஷாஃப்ட்ல ஒரு சின்ன டிரம், நின்ன வண்டியை நிக்க வைக்க மட்டும்தான்.

அதனால வாங்கின வண்டி எவ்வளவு நல்லா நின்னாலும் சரி, ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டு மாத்துங்க. வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும், உள்ள ஊதிப்போயி வழி அடைச்சிருக்கும், அதனால பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடிச்சே இருக்கும். இரும்பு பைப்பை சேசிஸ்ல கிளிப் போட்டு நிறுத்தின இடத்துல பாருங்க, துரு அந்த கிளிப்புக்கு அடியிலதான் ஆரம்பிக்கும். வீல் சிலிண்டர் ஆறையும் பிரிச்சு ரப்பர் பூட்டை விலக்கி ஈரம் இருக்கான்னு பாருங்க, ஒண்ணு லீக் ஆனா மத்த அஞ்சும் அதே வயசுதானே, மொத்தமா மாத்திடறது புத்திசாலித்தனம். ஃப்ளூயிட் குறைஞ்சுகிட்டே வருது, வெளிய எங்கயும் ஒரு பொட்டு ஈரம் இல்லன்னா ஏர்பேக்குக்குள்ள போகுதுன்னு அர்த்தம். மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலுக்கு கீழ சேசிஸ்ல இருக்கு, தரையில ஒரு சின்ன மூடியைத் திறந்தா ஊத்துற இடம் வரும், அதை வாரம் ஒருதடவையாவது திறந்து பாக்கறது நல்லது.

ஃப்ளூயிட்ல ஒரு சிக்கல் இருக்கு. ஆரம்பத்துல சாதா டாட் 3, பிறகு 1980கள்ல ராணுவம் எல்லாத்தையும் சிலிக்கான் டாட் 5க்கு மாத்துச்சு, ஏன்னா அது தண்ணியை இழுக்காது, டிப்போல வருஷக்கணக்கா நின்னாலும் உள்ள துரு பிடிக்காது. ரெண்டையும் கலக்கவே கூடாது. டாட் 5.1னு ஒண்ணு கடையில இருக்கும், அது சிலிக்கானே இல்ல, பேர் மட்டும்தான் ஒண்ணு போல இருக்கும், ஏமாந்துடாதீங்க. உங்க வண்டில இப்ப என்ன இருக்குன்னு சந்தேகமா இருந்தா முழுசா காலி பண்ணி கழுவிட்டு புதுசு ஊத்துங்க. சிலிக்கானை குலுக்காம மெதுவா ஊத்தணும், குலுக்கினா உள்ள குட்டி குட்டியா காத்துக் குமிழி கட்டிக்கும், ஏர் எடுத்து எடுத்து கை ஓய்ஞ்சிடும். ஏர் எடுக்கறப்ப மொதல்ல ஏர்பேக், அப்புறம் தூரத்து வீல்ல இருந்து கிட்ட வாங்க. ரெண்டு சர்க்யூட்டா மாத்தறதுக்கு இப்ப கிட் விக்கறாங்க, சிலர் ஒரிஜினாலிட்டி போச்சேன்னு வருத்தப்படுவாங்க, குடும்பத்தை ஏத்திக்கிட்டு ரோட்டுல போற வண்டின்னா நான் கிட் பக்கம்தான்.

ஏர் சைடு சுலபம். ஸ்டார்ட் பண்ணி கேஜ் ஏறி நிக்கற வரைக்கும் வண்டியை நகர்த்தாதீங்க, அழுத்தம் கம்மியா இருந்தா பஸ்ஸர் கத்தும், அந்த பஸ்ஸரை சத்தம் தாங்காம கழட்டி விட்டுருக்காங்களான்னு மட்டும் பாத்துக்கோங்க, நிறைய பேர் செய்யற வேலை அது. சோப்பு தண்ணி அடிச்சு ஜாயின்ட் ஜாயின்டா பாருங்க, டேங்க்ல தேங்கற தண்ணியை ஓட்டி முடிச்ச அன்னிக்கே திறந்து விட்டுடுங்க. வைப்பரும் ஹாரனும்கூட ஏர்லதான் ஓடும்.

அடுத்தது வீல் ஹப். பிரேக் ஷூ மேல கியர் ஆயில் வடியறது இந்த வண்டியோட பரம்பரை வியாதி. ஆக்சில் ஹவுசிங்ல (ஆக்சிலை மூடியிருக்கற இரும்பு உறை) இருக்கற ஆயில் ஆக்சில் ஷாஃப்ட் வழியா ஹப்புக்கு வந்து பேரிங் கிரீஸை கரைச்சு, உள் சீலைத் தாண்டி டிரம்முக்குள்ள போயிடும். நிறைய பேர் சீலை மாத்துவாங்க, ஆறு மாசத்துல திரும்ப வடியும், திரும்ப மாத்துவாங்க. ஹவுசிங் மேல ஒரு சின்ன மூச்சுக்குழல் இருக்கும், பிரீத்தர்னு சொல்றது, அது மண்ணு அடைச்சு பெயின்டும் மூடியிருந்தா உள்ள சூடாகறப்ப அழுத்தம் ஏறி ஆயிலை சீல் வழியா தள்ளிவிடும். மூணு ஹவுசிங்லயும் அதை சுத்தம் பண்ணிட்டு அப்புறமா சீல் மாத்துங்க. ஹப் நட்டுக்குன்னே ஒரு பெரிய சாக்கெட் இருக்கு, உளி வச்சு தட்டி கழட்டற பழக்கம் வேணாம், முன்னாடி யாராவது தட்டியிருந்தா அந்த நட்டைப் பாத்தாலே தெரியும். டிரம், ஹப், ரெண்டு டயர் சேர்ந்து என்ன கனம்னு சொல்லத் தேவையில்ல, வீல் டாலி வாடகைக்காவது எடுத்துக்கோங்க. பழைய ஷூவுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், கம்ப்ரசர் ஏர் அடிச்சு டிரம்மை சுத்தம் பண்ற நம்ம ஊர் பழக்கத்தை அங்கயே விட்டுட்டு வாங்க, ஈரமா கழுவுங்க.

வீல் கழட்டறப்ப ரெண்டு விஷயம். டிரைவர் பக்கம், அதாவது இடது பக்கம், நட்டு எல்லாம் எதிர் மரை. தெரியாம பெரிய பைப்பை மாட்டி தொங்கினா ஸ்டட் முறியும். ரெண்டாவது, ரிம்ல லாக் ரிங் இருக்கு. நம்ம ஊர் பழைய லாரி பங்க்சர் கடையில பாத்திருப்பீங்களே அதே ஜாதி. ரிங் சரியா உக்காராம காத்து அடிச்சா அது பறந்து வந்து ஆளையே கொன்னுடும், இரும்பு கூண்டுக்குள்ள வச்சுதான் அடிக்கணும், கூண்டு இல்லன்னா லாரி டயர் கடைக்கு தூக்கிட்டு போயிடுங்க, இதுல மிச்சம் பிடிக்கற காசு எதுக்கும் உதவாது. டயர் 9.00-20, பழைய பயாஸ் பிளை. பட்டன் தேயாம இருக்கும், ஆனா ஓரத்துல வெடிப்பு விட்டிருக்கும், பட்டனைப் பாத்து ஏமாறாம தயாரிச்ச தேதியைப் பாருங்க. பத்து டயர் மாத்தற செலவு சில சமயம் வண்டி விலையை தொடும், ஏலத்துல கை தூக்கறதுக்கு முன்னாடி இதை கூட்டிக்கோங்க.

இன்ஜின். எல்டிடி-465, ஆறு சிலிண்டர், 478 கன அங்குலம், நம்ம கணக்குல 7.8 லிட்டர், டர்போ வச்சும் 135, 140 குதிரைசக்திதான். மல்டிஃப்யூல்னு பேரு, டீசல், ஜெட் எரிபொருள், அவசரத்துக்கு பெட்ரோல்கூட எரிக்கும். பிஸ்டன் தலையிலயே உருண்டையா ஒரு குழி குடைஞ்சு அதுக்குள்ள எரிய வைக்கற முறை ஜெர்மனி மான் கம்பெனியோடது. அதே மான் கம்பெனி லைசென்ஸ்ல ஜபல்பூர்ல செஞ்சதுதான் நம்ம ராணுவத்தோட சக்திமான் லாரி, அந்த வகையில டியூஸுக்கும் நம்ம சக்திமானுக்கும் தூரத்து சொந்தம்.

எதையும் எரிக்கும்ங்கறதை நம்பி பழைய இன்ஜின் ஆயில், ஓட்டல் எண்ணெய்னு வடிகட்டி ஊத்தறவங்க இருக்காங்க. ஓடும், சத்தியமா ஓடும். ஆனா அந்த அமெரிக்கன் பாஷ் பம்ப்போட தலை இறுகிப்போச்சுன்னா மிச்சம் பிடிச்ச டீசல் காசு எல்லாம் ஒரே நாள்ல போயிடும். நான் நல்ல டீசல் தவிர எதுவும் ஊத்தறதில்ல. பில்டர் மூணு இருக்கு, அடியில தண்ணி வடிக்க குழாய் இருக்கு, வடிச்சுகிட்டே இருங்க.

ரொம்ப நாள் நின்ன வண்டின்னா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்க, டீசல் வாடை அடிச்சா, அளவு ஏறியிருந்தா, பம்ப் பக்கம் உள்ளுக்குள்ள லீக். அப்படியே ஸ்டார்ட் பண்ணினா இன்ஜின் அந்த ஆயிலையே குடிச்சு கட்டுக்கடங்காம ரேஸ் ஆகிடலாம். இந்த இன்ஜினை நிறுத்தறது சாவி இல்ல, ஒரு ஸ்டாப் கேபிள், அது இழுக்க வருதான்னு மொதல்ல பாருங்க, பக்கத்துல ஒரு ஆளை பலகையோட நிக்க வைங்க, மீறி ஓடினா ஏர் இன்டேக்கை மூடிடலாம். ஈதர் ஸ்ப்ரே அடிக்காதீங்க. ஓட ஆரம்பிச்ச பிறகு 2600 ஆர்பிஎம் தாண்ட விடாதீங்க, ஏத்தத்துல தாண்டாது, இறக்கத்துல கீழ் கியர் போட்டு வண்டியோட பாரமே இன்ஜினை தள்ளிட்டுப் போறப்பதான் தாண்டும், கனெக்டிங் ராடு பிளாக்கை உடைச்சுகிட்டு வெளிய வந்த இன்ஜின்கள்ல பல அப்படிப் போனதுதான். ஹெட் கேஸ்கெட் கொஞ்சம் பலவீனம், கடைசில 1டி-ன்னு வர்ற இன்ஜின்ல அதை சரி பண்ணியிருக்காங்க, இன்ஜின் தகட்டுல பாத்துக்கலாம். டர்போ விசில் சத்தம் போட்டா பயப்பட வேணாம், பழைய வகை டர்போ அப்படித்தான் ஊதும், நிறைய பேர் அந்த சத்தத்துக்காகவே தேடி வாங்கறாங்க. ஆயில் பில்டர் மாத்தறப்ப பழைய ரப்பர் வளையம் உள்ளயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அதை எடுக்காம மேலயே புதுசை வச்சா கிளம்பின கொஞ்ச தூரத்துல மொத்த ஆயிலும் ரோட்டுல.

வயரிங் பத்தி எல்லாரும் பயப்படறாங்க, எனக்கு இந்த வண்டில பிடிச்சதே அதுதான். ஒவ்வொரு வயர்லயும் ஒரு குட்டி தகடு, அதுல சர்க்யூட் நம்பர், மேனுவல்லயும் அதே நம்பர். கனெக்டர் எல்லாம் ரப்பர் உறை போட்டு தண்ணி புகாம செஞ்சது. பிரச்சனை எல்லாம் முன்னாடி வச்சிருந்தவர் ரேடியோ மாட்டறேன், எல்இடி மாட்டறேன்னு அறுத்து டேப் சுத்தின இடத்துலதான் இருக்கும், அந்த டேப்பை எல்லாம் பிரிச்சு பழைய நிலைக்கு கொண்டு வந்தாலே பாதி வேலை முடிஞ்சது. மொத்தம் 24 வோல்ட், ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சீரீஸ்ல. போன் சார்ஜ் பண்ண ஒரு பேட்டரில இருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்காதீங்க, ஒண்ணு காலியாகும், இன்னொண்ணு ஓவர் சார்ஜ் ஆகும், கன்வர்ட்டர் போடுங்க.

டிரான்ஸ்ஃபர் கேஸ்ல ரெண்டு வகை. ஒண்ணுல பின் வீல் வழுக்கினா முன் வீல் தானா பிடிக்கும், ஸ்ப்ராக்னு சொல்றது, இன்னொண்ணுல ஏர் ஸ்விட்ச் போட்டு நாமளே பிடிக்க வைக்கலாம். ரெண்டாவது வகை கிடைச்சா அதிர்ஷ்டம்.

இப்ப பெயின்ட். எம்35ஏ2ல மேல் பூச்சு மூணு கலர் கேமோவா இருந்தா அது பெரும்பாலும் கார்க்னு (CARC) சொல்ற, ரசாயன ஆயுதத்தை தாங்கற பூச்சு. அதை காஞ்ச நிலையில தேய்ச்சா வர்ற தூசில குரோமியம் இருக்கலாம், புதுசா அதையே ஸ்ப்ரே பண்ணினா ஐசோசயனேட், நுரையீரலை பதம் பாத்துடும். ஈரமா தேய்ங்க, நல்ல ரெஸ்பிரேட்டர் போடுங்க, புதுசுக்கு சாதா எனாமல்லயே அதே நிறம் கிடைக்குது. வியட்நாம் காலத்து தோற்றம் வேணும்னா 24087ங்கற கலர் நம்பர், அரைப் பளபளப்பு ஆலிவ். ஆனா தேய்க்கறதை அவசரப்படாம பண்ணுங்க, பம்பர்ல அடுக்கடுக்கா பழைய ஸ்டென்சில் வெளிய வரும், ஒரு பக்கம் படைப்பிரிவு, இன்னொரு பக்கம் கம்பெனியும் வண்டி நம்பரும். அதை போட்டோ எடுத்துட்டு மேல போங்க. அந்த யூனிட் எழுத்துலயே திரும்ப எழுதறதுதான் என் கணக்குல ரெஸ்டோரேஷன், சும்மா கதவுல வெள்ளை நட்சத்திரம் ஒட்டறது இல்ல. இதே ஆசை நம்ம ஊர்ல ராணுவம் கழிச்சுவிட்ட ஜோங்கா ஜீப் வாங்கறவங்களுக்கும் வரும், அங்க சட்டம் வேற: மத்திய மோட்டார் வாகன விதி 121 படி ராணுவ வண்டியைத் தவிர யாரும் ஆலிவ் கிரீன் அடிக்கவே கூடாது. அமெரிக்காவுல அந்த தொல்லை இல்ல.

மெயின்டனன்ஸ் செலவு பத்தி: ஓட்டினா கம்மி, நிறுத்தி வச்சா ஜாஸ்தி. ஷெட்டுல வச்சு பத்து நிமிஷம் ஐடில்ல ஓட விட்டு அணைக்கறது கெடுதல், இன்ஜின் சூடே ஏறாது, சைலன்சர் வழியா கறுப்பா வடியும். மாசம் ரெண்டு தடவை வெளிய எடுத்து எல்லாம் நல்லா சூடாகற வரைக்கும் ஓட்டுங்க, அணைக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஐடில்ல விட்டு டர்போ ஆற விடுங்க. மேனுவல்ல ஓட்டறதுக்கு முன்னாடி, ஓட்டறப்ப, ஓட்டின பிறகுன்னு மூணு செக் பட்டியல் இருக்கு, அதை சடங்கா நினைச்சு தாண்டாதீங்க. 1919ல அமெரிக்க ராணுவம் வாஷிங்டன்ல இருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வரைக்கும் டிரக் வரிசை ஓட்டி ரெண்டு மாசம் எடுத்துச்சு, பின்னாடி ஜனாதிபதி ஆன ஐசனோவரும் இளம் அதிகாரியா அதுல போனாரு. அதை நினைச்சு பழைய ராணுவ வண்டி வச்சிருக்கவங்களோட எம்விபிஏ சங்கத்துக்காரங்க 2009லயும் 2019லயும் பழைய ராணுவ வண்டிகளையே நாடு குறுக்க ஓட்டிக் காட்டினாங்க. அந்த சங்கத்துல சேருங்க, உங்க பக்கத்துலயே யாராவது டியூஸ் வச்சிருக்கவர் கிடைப்பாரு, அந்த பெரிய சாக்கெட்டும் அவர்கிட்ட இருக்கும்.

தனி ஆளா முடியுமான்னா பிரேக், வயரிங், பெயின்ட் முடியும், வீல் ஹப்பும் கியர்பாக்ஸும் ரெண்டு பேர் வேணும். கார் ஜாக்கியும் கார் ஸ்டாண்டும் இதுக்கு கிட்டயே வரக்கூடாது. லைசென்ஸ் பெரும்பாலான ஸ்டேட்ல சாதா லைசென்ஸே போதும், கமர்ஷியல் வரம்பான 26,001 பவுண்டுக்கு கீழதான் வருது, ஆனா ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், உங்க கவுன்ட்டி ஆபீஸ்ல ஏலத்துக்கு முன்னாடியே கேட்டுடுங்க. அரசாங்க ஏலம்னா எஸ்எஃப்-97ங்கற பேப்பர் வரும், அதை வச்சுதான் டைட்டில், அதாவது வண்டியோட உரிமைப் பத்திரம் வாங்கணும், அது இல்லாம தனி ஆள்கிட்ட வாங்கினா டைட்டில் கையில வந்த பிறகு காசு குடுங்க.

ஏலப் பக்கத்துல டேஷ்போர்டு தகடு போட்டோ இருக்கான்னு பாருங்க. ரெட் ரிவர், டூவிலா (Tooele) மாதிரி ராணுவ டிப்போ பேரும் தேதியும் போட்ட ரீபில்ட் தகடு தனியா இருந்தா வண்டி வருஷத்தைவிட அந்தத் தேதிதான் முக்கியம், 1971 வண்டியோட உள்ளுறுப்பு எல்லாம் பல வருஷம் இளசா இருக்கலாம். அந்தத் தகடு, இன்ஜின் தகடு, நாலு பின் வீலோட உள்பக்கம், மாஸ்டர் சிலிண்டர் சுத்தி இருக்கற இடம், இவ்வளவையும் போட்டோ எடுத்து போடுங்க, எவ்வளவுக்கு மேல போகக்கூடாதுன்னு சொல்றேன்.